விருந்தினனின் சாட்சியம்

ஓரிடத்தில் ஓரிரவு தங்கித் திரும்பியவனிடம் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, "எப்படி இருந்தது?" என்பதே. கேள்வி எளிது. அதற்கு நேர்மையான விடை சொல்வது எளிதன்று என்பதை அண்மையில் நாம் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்ட விதம் நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதை மறைத்து எழுதுவதிற் பயனில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதிற் கூறப்படும் கடமைகள் யாவும் இல்லத்தாருக்கு உரியவை. விருந்தினனோ அனிச்சத்தைவிட மென்மையானவன். முகம் மாறி நோக்கினாலே வாடிவிடுகிறவன். உண்டு உறங்கிப் புறப்பட்ட பின்னர் அவன் வெளியே சென்று என்ன சொல்ல வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. இன்று விருந்து ஒரு தொழிலாகிவிட்டது. விருந்தினன் இடும் நட்சத்திரங்களைக் கொண்டே விடுதியின் வருவாய் கணிக்கப்படுகிறது. ஊழியனின் பிழைப்பும் அவற்றைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. எனவே, அவன் சொல் வெறும் பேச்சாக இருந்த காலம் போய்விட்டது. அது ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவன் எதைக் கண்டான், எதைக் காணவில்லை, எதைக் காணாமலே கண்டதாகச் சொன்னான் என்று கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி நோக்கி ஏறும் பாதை நமுனுகுல மலையின் சாரலைத் தழுவிச் செல்கிறது. ஊவாவின் இம்மலைகளிற் காடு அழிந்து கோப்பி வந்தது. 1869இல் இலங்கையிற் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்றுவிட, தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. பயிர் மாறியது, முதலாளி மாறினார், போக்குவரத்து மாறியது, மாறாதது ஒன்றுண்டு. காற்றும் காட்சியும் நீரும் வாய்த்த மேட்டிலே துரையின் பங்களா. அதற்குக் கீழே, சரிவிலும் பள்ளத்திலும், தொழிலாளரின் லயங்கள். இந்த அமைப்பை வகுத்தவர்கள் சமூகவியல் நூல் எதையும் எழுதவில்லை. மலையின் மேலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

இன்று அந்தப் பங்களாக்களிற் பல விடுதிகளாகிவிட்டன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரைகள் போன பின்னர் துரைகளின் வாழ்வு விற்பனைக்கு வந்தது. ஓரிரவுக்கு விலை கொடுத்தால் எவரும் ஓரிரவுத் துரையாகலாம்.

நாமும் ஆனோம். 2023ஆம் ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் செலவில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் போய்த் திரும்பும் வழியில், ஊவாவின் ஒரு பழைய பங்களாவில் தங்கினோம். அது எந்தத் தோட்டத்தினது, எந்த மலையிலுள்ளது என்று சொல்லப்போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். சொல்லாது விடுவதும் பொய்யின் ஒரு வகையே. அறை அழகானது. கணப்பில் எரிந்த சவுக்கு விறகின் சூடு, வெள்ளை விரிப்பு, சுடச்சுட அப்பம், கட்டைச் சம்பல், பீங்கான் கோப்பையில் பொன்னிறத் தேநீர். மாலையிற் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பனி மூடிய மலைகளைப் பார்த்தபோது நம் உள்ளமும் மகிழ்ந்தது. முற்போக்கு எழுத்து எழுதுகிறவனின் முதுகுக்கும் மெத்தை இதமாகவே இருக்கிறது. இதை மறுத்துவிட்டு எழுதப்படும் எந்தக் கண்டனத்தையும் வாசகர் நம்ப வேண்டியதில்லை.

சுவரிலே பழைய படங்கள் தொங்கின. குதிரைமேல் துரை, வேட்டையாடிய மிருகத்தின் பக்கத்தில் துரை, நாயுடன் துரைசானி. ஒரு படத்தில் மட்டும் துரைக்குப் பின்னால், வெள்ளைத் தலைப்பாகையுடன், பெயரற்ற ஒருவன் கையில் தட்டோடு நின்றான். அவனுக்குப் பின்னர் வந்த மக்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரசாவுரிமை இழந்தார்கள். 1949இல் வாக்கு இழந்தார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பொருட்களைப் போல் எண்ணி, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைமையைத் தீர்க்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. "பழங்காலச் சுகம்" என்று விடுதிக்காரர் விளம்பரம் செய்யும் அந்தப் பழங்காலம் யாருக்குச் சுகமாயிருந்தது என்பதைச் சுவர் சொல்லவில்லை. நாமும் அன்றிரவு கேட்கவில்லை. அப்பம் ஆறிவிடும் அல்லவா?

விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தோம். தண்ணீர் இல்லை. ஒரு சொட்டும் இல்லை. பதினைந்து நிமிடம் காத்திருந்தோம், மணியை அடித்தோம், எவரும் வரவில்லை. குளிரும் கோபமுமாகக் கூடத்துக்குச் சென்று, அங்கிருந்த விருந்தினர் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினோம்: "அதிகாலையில் தண்ணீர் இல்லை. ஊழியரின் கவனக்குறைவு." எழுதியதும் மனம் ஆறியது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவு உண்டாயிற்று.

காலைத் தேநீர் கொண்டுவந்த இளைஞன் அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டிருந்தான். தட்டை வைத்தவன் போகாமல் நின்றான்.

"தண்ணி வரலன்னு எழுதிட்டீங்களா சேர்?"

"ஆம் தம்பி. வரவில்லை அல்லவா?"

"வரலதான் சேர். வால்வத் திருப்பிவிடுறது என் வேல. ராத்திரி பத்து மணிக்கு லயத்துக்குப் போற தண்ணிய அடச்சி பங்களாத் தொட்டிக்கு விடணும். நேத்து திருப்பல."

ஏன் என்று கேட்டோம். அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கீழ லயத்துல மூணு நாளா பீலியில தண்ணி இல்ல. எங்க பக்கத்துக் காம்பராவுல சாவு. பொணத்தக் குளிப்பாட்டவும் வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தவும் தண்ணி வேணுமே சேர்."

அவன் போன பின்னர் நாம் எழுதிய இரண்டு வரிகளையும் மறுபடி படித்தோம். முதல் வரி கண்டது. இரண்டாவது வரி கருதியது. தண்ணீர் இல்லை என்பது கண்ணாற் கண்ட செய்தி. கவனக்குறைவு என்பதை யார் கண்டார்? அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஒரு குறை நேர்ந்தால், அதற்குக் காரணம் சம்பளம் குறைந்தவனின் சோம்பல்தான் என்ற முடிவு நம் பேனா முனையில் ஆயத்தமாயிருந்தது. துரைகள் போய்விட்டார்கள் என்று சற்றுமுன் எழுதினோம். அந்த விடியற்காலையில் ஒருவர் நம் விரல்களிலே குடியிருந்தார். உண்மையில் அந்த இளைஞன் செய்தது கவனக்குறைவுக்கு நேர் எதிரானது. ஒரு மாளிகையின் குளியலையும் ஒரு மனிதனின் இறுதிக் குளியலையும் அவன் நிறுத்துப் பார்த்தான். பார்த்து, தன் பிழைப்பைப் பணயம் வைத்துத் தீர்ப்பு வழங்கினான்.

நாம் என்ன செய்தோம்? அந்த வரிகளை அடித்தோம். நிர்வாகி வந்து விசாரித்தபோது, குழாயைத் திருப்பத் தெரியாமற் தவறு செய்துவிட்டோம், தண்ணீர் வரத்தான் செய்தது என்று சொன்னோம். அப்பட்டமான பொய். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இவ்விடத்தில் வள்ளுவர் நமக்கு ஆறுதல் தருபவர் போற் தோன்றுகிறார். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். அப்படியாயின் நாம் சொன்ன பொய் வாய்மையாகி விடுகிறதா? பல நாள் இதை எண்ணிப் பார்த்தோம். ஆம் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. வள்ளுவர் இட்ட நிபந்தனை "குற்றமற்ற நன்மை" என்பது. நம் பொய் ஓர் இளைஞனை அன்று காப்பாற்றியது மெய். ஆனால் மறுநாள் இரவு பத்து மணிக்கு அந்த வால்வு மறுபடி பங்களாவின் பக்கம் திரும்பியிருக்கும். நம் பொய் இளைஞனை மறைத்தது. கூடவே வால்வையும் மறைத்துவிட்டது. தீமை செய்யாத சொல்லைத் தேடிய நாம், தீமையைத் தொடரவிடும் மௌனத்தில் வந்து நின்றோம்.

"காசு கொடுத்தவன் தண்ணீர் கேட்பது குற்றமா?" என்று சிலர் கேட்பர். குற்றமன்று. ஆனால் காசின் கணக்கையே பார்ப்போம். ஓரிரவுக்கு நம் உறவினர் கொடுத்தது 25,000 ரூபாய். அவ்வேளையில் தேயிலைத் தொழிலாளியின் நாட்சம்பளம், பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய். அதுவும் குறித்த அளவு கொழுந்து எடுத்தாற்தான் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். ஆக, நாம் உறங்கிய ஓரிரவு, கீழே வாழும் ஒரு பெண் மழையிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்த 25 நாள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அவள் குடும்பம் முழுவதும் படுத்தெழுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கியது அறையை, தண்ணீரை அன்று. தண்ணீர் மலையினுடையது. அதைத் திருப்பிவிடும் அதிகாரத்தைத்தான் காசு வாங்கியிருக்கிறது.

விடுதியைப் பற்றிய உண்மையை விருந்தினன் எவ்வளவு காண்கிறான் என்பதற்கு உலகிற் சான்றுகள் உண்டு. ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றிற் கோப்பை கழுவினார். 1933இல் வெளிவந்த அவரது நூல், உணவுக்கூடத்தின் பளபளப்பையும் சமையற்கட்டின் அழுக்கையும் பிரிப்பது ஒரே ஒரு கதவு என்று காட்டியது. லண்டனில் கார்ல்டன் ஹோட்டல் நின்ற இடத்தில் ஒரு நினைவுப்பலகை இருக்கிறது. 1913இல் அங்கே வேலை செய்தார் என்று அது குறிப்பிடும் மனிதர் பின்னாளில் வியட்நாமின் தலைவரான ஹோ சி மின். அவருடைய நாட்டின் தாலாத் மலைநகரிலும் பிரெஞ்சு ஆட்சியாளர் தங்கள் சுகவாசத்துக்கென 1922இல் ஒரு பெரிய ஹோட்டலைத் திறந்தார்கள். குளிர்ந்த மலை, வெள்ளை மாளிகை, கீழே கூலிகளின் குடிசை என்பது ஊவாவுக்கு மட்டும் உரிய காட்சியன்று. அன்று அங்கே தங்கிப்போன கனவான்கள் நற்சான்று எழுதியிருப்பார்கள். அவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால், "சௌக்கியம்" என்றே சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியை மட்டும் பார்த்தார்கள். அந்தப் பாதியை முழுமை என்று எழுதினார்கள்.

மேட்டிலிருந்து கீழே பார்க்கத் துணிந்தவர்களும் உண்டு. மடுல்கலைப் பக்கத்து றெலுகாஸ் தோட்டத்திற் சின்னத்துரையாகப் பயில வந்த மார்க் அன்ரனி பிறேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் தொழிலாளரின் பக்கம் நின்றார், வேலை இழந்தார். 1937இல் அவரை நாடு கடத்த தேசாதிபதி ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. பங்களாவிற் தங்கிய ஒருவர் தாம் கண்டதை முழுமையாகச் சொன்னமைக்கு ஓர் அரசாங்கமே நடுங்கியது. ஆகவே சாட்சியம் சிறிய காரியமன்று.

"அப்படியானால் எவரும் அங்கே போகாதிருக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். புறப்படும்போது அந்த இளைஞனிடம், இதை ஒருநாள் எழுதலாமா என்று நாமும் கேட்டோம். அவன் சிறிது யோசித்தான். "எழுதுங்க சேர். எடத்தச் சொல்லாதீங்க. ஆளுங்க வர வேணாம்னு மட்டும் எழுதிறாதீங்க. இது இல்லன்னா நான் கொழும்புக்குக் கடை வேலைக்குத்தான் போகணும்" என்றான். அவன் கேட்டது பகிஷ்காரமன்று, அனுதாபமுமன்று. ஊர் விட்டுப் போகாமல் உழைத்து வாழ ஒரு வேலை. அந்த வேலையின் பெயரால் தன் சனத்தின் தண்ணீரை அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு நாள்.

எனவே விருந்தினனின் நேர்மைக்கு நாம் கண்ட இலக்கணம் இதுதான். கண்டதை எழுது, கருதியதை விசாரியாமல் எழுதாதே. குறையைச் சொல்வதாயின், அதைத் தீர்க்கும் அதிகாரம் உடையவனிடம் சொல். தீர்க்க வழியற்றவன் தலையிற் போடாதே. மெத்தை இதமாயிருந்தது என்று சொல்லும் அதே மூச்சில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இரவில் எந்தக் குழாய் அடைக்கப்படுகிறது, இங்கே வேலை செய்வோருக்கு என்ன சம்பளம் என்று உரிமையாளனிடம் கேள். ஒருவர் கேட்டால் அது வம்பு. வருகிறவர் எல்லாம் கேட்டால், லயத்துக்குத் தனித் தொட்டி கட்டுவதே இலாபம் என்று முதலாளிக்கும் தோன்றிவிடும். அதற்குமேல் ஆக வேண்டியதைத் தொழிலாளரின் ஒற்றுமையே செய்யும். விருந்தினனாற் செய்ய முடியாது. செய்கிறவர்களின் வழியை அவன் மறைக்காதிருந்தாற் போதும்.

அந்தப் புத்தகத்திலே நாம் அடித்த இரண்டு வரிகளுக்குப் பதிலாக எதையும் எழுதாமல் வந்துவிட்டோம். அந்த வெற்றிடம் இன்றும் நம்மை உறுத்துகிறது. "எப்படி இருந்தது?" என்று கேட்டவர்களுக்கு, காலந்தாழ்த்தி, இதோ விடை: அறை நன்றாயிருந்தது. காலையிற் தண்ணீர் இல்லை. அது கீழே, ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தது. போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது.