உப்பும் கீரையும்

சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டுச் சமையல் ஒன்று வருகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் அவித்து, ஊரார் பார்க்காதபடி கதவை அடைத்துக்கொண்டு உண்கிறார்கள். எயிற்பட்டினம் போனால் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும் என்று அவனுக்கு வழி சொல்கிறார் நூலைப் பாடிய நத்தத்தனார். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

மீன் இன்றும் உண்டு. உப்பும் பாத்தி பாத்தியாக உண்டு. மீனவக் குப்பங்களில் அரிதானது, பாணன் வெட்கப்பட்டு மறைத்த அந்தக் கீரை.

மீன் தின்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்கலாம். பெரிய மீன் ஏலத்துக்குப் போய்விடும். குழம்புக்கு மிஞ்சுவது பொடிமீன். அதில் புரதம் இருக்கிறது. இரத்தசோகையைத் தடுக்க உதவும் வைட்டமின் சி-க்கும் ஃபோலேட்டுக்கும் கீரை, காய், பழம் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. முந்தைய ஆய்வில் 50.7.

அரசு சும்மா இருக்கவில்லை. 2006 முதல் நாடு முழுதும் சமையல் உப்பில் அயோடின் கட்டாயம். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்புச் சத்தையும் சேர்த்துத் தருகிறது. பாக்கெட்டில் அடைக்க முடிந்த சத்து வந்து சேர்ந்துவிடுகிறது. கீரையை அப்படி அடைக்க வழியில்லை. ஆகவே வீட்டுத்தோட்டம் போடச் சொல்கிறார்கள்.

எங்கே போடுவது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உப்புக்காற்றில் இலை நுனி கருகும். மிஞ்சியதை ஆடு பார்த்துக்கொள்ளும். மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது; அதிகம் இறைத்தால் கரித்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவளோ, விடியுமுன் அன்னக்கூடையோடு மீன் விற்கப் போயிருப்பாள்.

ஆனாலும் வழி உண்டு. அரிசிச் சாக்கில் செம்மண்ணும் எருவும் நிரப்பினால் ஒரு குடும்பத்துக்குப் பசலை வரும். அரிசி கழுவிய நீரும், உப்பு படாத மீன் கழுவிய நீரும் முருங்கைக்குப் போதும். உப்பளக் கரையில் தானாக முளைக்கும் உமரியை அவித்து, நீரை இறுத்துச் சமைக்கலாம். அதற்கு உப்புகூட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணின் உப்பைக் கழுவி இறக்கியபின், தையில் விதைப்பதே இங்கே உசிதம். அரசின் ஊட்டச்சத்து மாதமோ 2018 முதல் செப்டம்பரில் வருகிறது. அப்போது தரும் விதையை உடனே விதைத்தால், இலை விடும் நேரத்தில் அடைமழை பிடித்துக்கொள்ளும். விதைப் பொட்டலத்தை நாலு மாதம் தள்ளிக் கொடுத்து, கூடவே ஒரு தெருக்குழாயும் போட்டுத் தந்தால் பாதி வேலை முடிந்தது. குழாய் வேறு துறை.