முடிந்தது என்று யார் சொல்வது?

அப்பாவின் முகத்தை பிளெண்டரில் செதுக்கத் தொடங்கி 7 மாதமாகியிருந்தது. கோப்பின் பெயர் 'அப்பா இறுதி 27'. அதாவது இறுதி என்று நான் நம்பியவற்றில் அது இருபத்தேழாவது.

பொங்கலுக்கு, கடலூர் சிப்காட்டை ஒட்டிய எங்கள் குடிகாட்டுக்குப் போனபோது லேப்டாப்பை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட அவரு இப்படி இல்லியேடா" என்றாள்.

திரையில் ஒரு களிமண் உருண்டை மாதிரி இருக்கும். பேனாவை இழுத்தால் மேடு எழும், தூரிகையை மாற்றினால் பள்ளம் விழும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தடவினால் எல்லாம் வழுவழுப்பாகிவிடும். நாமாக அணைக்காதவரை, ஒரு பக்கம் செய்வது மறுபக்கமும் தானாக நடக்கும். பிடிக்கவில்லையா, கண்ட்ரோல் இசட். நாம் மாற்றாவிட்டால் 32 படிகள் பின்னால் போகலாம். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் பழைய கோப்பு இருக்கவே இருக்கிறது. அப்பாவின் இடது இமை கொஞ்சம் சரிந்திருக்கும். அதைச் சமச்சீர் எடுத்துவிட்டது. கன்னத்தின் பள்ளங்களை எடுத்தது நான்.

கல்லில் தவறாக அடித்தால் போச்சு, கணினியில் எதுவும் போகாது, அதனால் இது சிற்பமே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவாமிமலை ஸ்தபதிகளும் முதலில் மெழுகில்தான் செய்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகு. சூடு காட்டினால் இளகும். சரியாக வராத விரலை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். திருத்துவது குற்றமில்லை. ஆனால் ஒருநாள் அந்த மெழுகின்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். சுட்டதும் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். பிறகும் அரம், உளி வேலை நிறைய உண்டு. ஆனால் திரும்பிப்போக மெழுகும் இல்லை, அச்சும் இல்லை.

ஆக, கேள்வி கல்லா திரையா என்பதல்ல. "இதுதான், இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லியாக வேண்டிய நாள் ஒன்று வருகிறதா என்பதுதான். விளையாட்டுகளுக்குப் பாத்திரங்கள் செய்வது என் வேலை. அங்கே கெடு வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்துவிடும். அப்பாவுக்குக் கெடு இல்லை. அந்த நாளை நான்தான் கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை.

அவருடைய கடைசி 3 மாதம் நான் சென்னையில் இருந்தேன். ஒரு புராஜெக்ட் முடிகிற நேரம். வாரத்துக்கு ஒரு வீடியோ கால். அந்த ஒடுங்கிய கன்னம் எனக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. அழகுக்காகத் தடவுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், நான் பக்கத்தில் இல்லாத நாட்களை அவர் முகத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தேன். இறந்தவர் எழுந்து வந்து "இது நான் இல்லை" என்று சொல்ல மாட்டார். அதனாலேயே அவர் முகத்தை இஷ்டப்படி மாற்ற நமக்கு உரிமை குறைவு.

அன்றிரவு சமச்சீரை அணைத்தேன். இடது இமையை இறக்கினேன். "கன்னம் எங்கம்மா ஒடுங்கியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பல்லு விழுந்த பக்கம்தான் ஜாஸ்தி" என்றாள். பேனாவை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டாள். என் விரல் பழக்கத்தில் கண்ட்ரோல் இசட்டுக்குப் போனது. எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கோப்பை முப்பரிமாண அச்சுக்கு அனுப்பினேன். அந்தக் கன்னம் சற்று ஆழம்தான்.