ஜூன் மாதத்துக்கு ஒரு சீட்டு



இந்த வருடம் தீபாவளி எந்தத் தேதியில் என்று கேட்டால் காலண்டரைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்றால் சின்னப் பிள்ளைகூட ஜூன் என்று சொல்லிவிடும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். தேதி மாறி மாறி வரும் தீபாவளிக்கு நம் தெருக்களில் சீட்டுக் கட்டுகிறார்கள். மாதாமாதம் இருநூறோ ஐந்நூறோ கொடுத்து வைத்து, ஐப்பசியில் எண்ணெய், சர்க்கரை, பட்டாசுப் பெட்டி, கூடவே ஒரு எவர்சில்வர் பாத்திரம் என்று வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மாதம் தெரிந்த ஜூனுக்கு மட்டும் வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறோம்.

வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் கை போவது காபித்தூளிலும் பாலிலும்தான். அரை லிட்டரைக் குறைப்போம், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவோம். உண்மையில் பெரும்பாலான வீடுகளில் மாதச் செலவு ஒருமாதிரி கட்டுக்குள்தான் இருக்கிறது. குடும்பம் நடத்தும் பெண்களின் சாமர்த்தியம் அது. நம்மைக் கவிழ்ப்பது வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் செலவுகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 30,000 ரூபாய் வாங்கும் குடும்பம். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 36,000. தீபாவளிக்கு 15,000. பொங்கல், ஊர்த் திருவிழா இரண்டுக்கும் 7,000. மொய் 12,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000. வீட்டு வரி 3,000. மொத்தம் 78,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,500. அப்படியானால் அந்த வீட்டின் சம்பளம் 30,000 இல்லை, 23,500தான். அந்த 6,500 ஏற்கெனவே யாருக்கோ சொந்தமான பணம். அதையும் சேர்த்து நம் பணம் என்று எண்ணிச் செலவழிப்பதில்தான் சிக்கலே.

மொய்யை எப்படி முன்கூட்டிக் கணக்கிடுவது என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தானே மொய் நோட்டு இருக்கிறது! நம் வீட்டுக் காதுகுத்துக்கு ஆயிரம் எழுதியவர் யார், அவர் வீட்டுப் பெண்ணுக்கு இப்போது என்ன வயது என்று பார்த்தால் போதும். தையிலோ வைகாசியிலோ ஆவணியிலோ பத்திரிகை வந்துவிடும். வாங்கிய ஆயிரத்தை ஆயிரமாகவே திருப்பிவிட்டு வர முடியாது. ஆயிரத்து ஐந்நூறாவது எழுத வேண்டும். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைப்பவர்கள் இதில் கில்லாடிகள். யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் நோட்டைப் பரணில் போட்டுவிட்டு, பத்திரிகை வந்ததும் முழிக்கிறோம்.

கையில் பணம் தயாராக இருப்பவருக்குத்தான் சலுகையும் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் சொத்து வரியை அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறார்கள். தாமதித்துக் கட்டினால் வட்டி. பணம் இல்லாதவரிடம்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். நியாயமா என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியவில்லை.

ஜூனில் பல வீடுகளுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும், மின் கட்டணம். வெயில் காலத்து இரண்டு மாதக் கணக்கு அப்போதுதான் கைக்கு வரும். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றுவிட்டால், இலவச 100 யூனிட்டுக்கு அடுத்த 100 யூனிட்டுக்குக் குறைந்த கட்டணம். அது யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. மொத்தம் 501 ஆகிவிட்டால் அதே 100 யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூடுதலாக எரிந்தது ஒரு யூனிட். கூடுதலாகக் கட்டுவது 200 ரூபாய்க்கு மேல். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்து, ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக அணைக்கும் வீடுகள் இருக்கின்றன. கஞ்சத்தனம் என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கலாம். சிரிக்கட்டுமே.

சரி, அந்த 6,500ஐ எங்கே வைப்பது? தெருவில் யாரோ நடத்தும் சீட்டில் வேண்டாம். தீபாவளிச் சீட்டுப் பணத்தோடு ஆளே காணாமல் போன கதைகளைப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வங்கியில் ஒரு வருடத் தொடர் வைப்பு போடலாம். தபால் நிலையத்திலும் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், அடுத்த ஜூனுக்கு ஆகாது. முழுத் தொகையும் முடியாவிட்டால் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டுமாவது தொடங்கலாம். மாதம் 3,000 வரும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனிச் சேமிப்புக் கணக்கு என்றாலும் நல்லதுதான். ஒன்றே ஒன்று: அந்தக் கணக்கைப் போனில் ஜிபேயோடு இணைத்துவிடாதீர்கள். இணைத்தால், ஆடித் தள்ளுபடியைத் தாண்டி அதில் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது.