பலியும் பரிகாரமும்

ஒருவர் செய்த பிழைக்காக மற்றொருவர் துன்புற்றால் அப்பிழை தீர்ந்துவிடுமா? இவ்வினா சமய நூல்களில் மட்டும் எழுவதன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், என் வகுப்பறையிலேயே அது எழுந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் இரண்டு ரூபாய் காணாமற்போயிற்று. எடுத்தவர் யார் என்று அதட்டிக் கேட்டேன். சற்று நேரங்கழித்து ஒரு சிறுமி எழுந்து, "நான்தான் டீச்சர்" என்றாள். பிரம்பால் அவள் உள்ளங்கையில் அடித்தேன். பணம் எங்கே என்றதற்கு அவள் வாய் திறக்கவில்லை. நான்கு நாட்களுக்குப் பின்னரே உண்மை வெளிப்பட்டது. எடுத்தவள் அவளுடைய தோழி. தந்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று நடுங்கிய தோழிக்காக இவள் அடியை ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அன்று மாலை, உடன் பணியாற்றிய கிறித்தவ அம்மையார் ஒருவரிடம் இதைக் கூறி வருந்தினேன். "அந்தக் குழந்தை செய்தது எங்கள் ஆண்டவர் செய்ததுதானே, டீச்சர்" என்றார் அவர். அருகிலிருந்த தமிழாசிரியை, வைதிகக் குடும்பத்தவர், "அடி வாங்கியவள் ஒருத்தி, எடுத்தவள் ஒருத்தி. எடுத்தவளின் வினை அவளிடமேதானே இருக்கிறது?" என்றார். இருவரும் அத்துடன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டனர். எனக்கோ அன்று தொடங்கிய சிந்தனை இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்விரு சமயங்களின் பழைய நூல்களை அருகருகே வைத்துப் பயில்வோர் முதலில் வியப்பது அவற்றின் ஒற்றுமைகளைக் கண்டே. ஆதியாகமத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்குகிறார். தடுக்கும் குரல் கேட்கிறது. புதரில் சிக்கிய ஆட்டுக்கடா மகனுக்கு ஈடாகிறது. ஐதரேய பிராமணத்தில் அரிச்சந்திரன், மகன் பிறந்தால் அவனையே பலியிடுவதாக வருணனுக்கு வாக்களித்து, மகன் பிறந்தபின் நாளைக் கடத்திக்கொண்டே போகிறான். (பொய்யே சொல்லாதவன் என்று நாம் நாடகங்களில் கண்டு கண்ணீர் விட்ட அதே பெயருடையவன்!) மகன் ரோகிதன் காட்டிற்கு ஓடி, தனக்கு ஈடாக அஜீகர்த்தனின் மகன் சுனச்சேபனை நூறு பசுக்களுக்கு வாங்கி வருகிறான். தம்பத்தில் கட்டுவதற்கு மேலும் நூறு, வெட்டுவதற்கு மேலும் நூறு என்று பெற்ற தந்தையே பேரம் பேசுகிறான். சிறுவன் தேவர்களைத் துதிக்கத் துதிக்கக் கட்டுகள் அவிழ்கின்றன. அதன்பின் அவன் தந்தையிடம் திரும்ப மறுத்து, விசுவாமித்திரருக்கு மகனாகிறான். என் நெஞ்சை மிகவும் உறுத்துவது இக்கதைதான். ஈசாக்கின் தந்தை கடவுளுக்கு அஞ்சினார். சுனச்சேபனின் தந்தை பசுக்களை எண்ணினான். ஈடாக நிறுத்தப்படுபவன் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளையாகவே இருப்பான் என்பதை அந்நூலாசிரியர் உணர்ந்தே இருந்தார் போலும்.

யூதரின் பாவநிவிர்த்தி நாளில் இரண்டு ஆடுகள் கொணரப்படும் என்கிறது லேவியராகமம். ஒன்று பலியாகும். மற்றொன்றின் தலைமேல் குரு கைகளை வைத்து மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு அதைப் பாலைவனத்தில் விட்டுவிடுவர். 'போக்காடு' என்பது தமிழ் வேதாகமம் அதற்கு வைத்த பெயர். வேத வேள்வியிலும் ஈடு மாறிக்கொண்டே வந்தது. பலிக்குரிய சாரம் மனிதனிடமிருந்து குதிரைக்கும், எருதுக்கும், செம்மறிக்கும், வெள்ளாட்டுக்கும் சென்று, இறுதியில் நிலத்தில் புகுந்து நெல்லாயிற்று. ஆகவே மாவினாற் செய்த புரோடாசமே போதும் என்று பிராமண நூல் கூறும். இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் நம் யசோதர காவியத்தைக் கற்றோர் இவ்விடத்தில் சற்றுத் தயங்குவர். தாய் சந்திரமதியின் சொற்கேட்டு யசோதரன் பலியிட்டதும் மாவினாலான கோழிதானே? உயிரற்ற அந்த மாக்கோழிக்காகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். கொல்லும் எண்ணத்திற்கு மாவு ஈடாகாது என்பது அக்காவியத்தின் கருத்து.

ஒற்றுமைகளைக் கொண்டு ஒரு பாலமே அமைக்க முயன்றவர் வங்காளத்துக் கிருஷ்ண மோகன் பானர்ஜி (1813–1885). அந்தணராகப் பிறந்து கிறித்தவரான இவர், 1875-இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தன்னையே வேள்வியாக அளித்த பிரஜாபதியைப் பற்றிய வேதக் கருத்து கிறிஸ்துவிடமே நிறைவேறியது என வாதிட்டார். கூர்மையான வாதம்தான். ஆனால் புருஷ சூக்தத்தில் தேவர்கள் புருஷனை வேள்விப் பொருளாக்கியது உலகம் தோன்றுவதற்காக. அங்கே பாவத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சிலுவையிலோ பாவமே நடுப்பொருள். வேள்வி வேறு, கழுவாய் வேறு என்பதை அவர் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்து மரபில் கழுவாய்க்கு உரிய இடம் வேள்விச்சாலையைவிடத் தரும சாத்திரங்களே. மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயத்தின் பெரும்பகுதி பிராயச்சித்தங்கள். தேய்பிறையில் நாளுக்கு ஒரு கவளம் குறைத்து, வளர்பிறையில் நாளுக்கு ஒரு கவளம் கூட்டி உண்ணும் சாந்திராயண விரதம் முதலியன எல்லாம் குற்றம் செய்தவனே நோற்க வேண்டியவை. குற்றத்தை வெளிப்படையாகக் கூறுதலும் உளமார வருந்துதலும் அதில் அடங்கும். பிற்காலத்தில் விரதத்திற்குப் பதிலாகப் பசுதானம் செய்யலாம் என்ற விலக்கும் வந்துசேர்ந்தது. ஐரோப்பாவில் பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விலைபோனதையும், 1517-இல் மார்ட்டின் லூதர் அதைக் கண்டித்து எழுந்ததையும் வரலாறு பயின்றோர் அறிவர். பணம் நுழையாத சன்னிதி ஏது!

கிறித்தவருள்ளும் சிலுவையின் பொருள் பற்றி ஒரே கருத்து நிலவியதில்லை. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்னும் துறவி, பாவம் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கடன் என்றும், செலுத்த வேண்டியவன் மனிதன், செலுத்த வல்லவர் கடவுள், எனவே கடவுளே மனிதராக வேண்டியிருந்தது என்றும் விளக்கினார். அடுத்த தலைமுறையில் அபெலார்டு இதனை ஏற்கவில்லை. அத்துன்பத்தைக் காணும் மனித உள்ளத்தில் அன்பு பிறந்து அவன் மாறுகிறானே, அதுவே மீட்பு என்றார். என் உடன்பணியாளர் சொன்னதை அபெலார்டின் வழியில் கொண்டால் எனக்கு உடன்பாடே. கடன் என்று கொண்டால் மட்டும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இரண்டு ரூபாய் இழந்த குழந்தைக்கு யார் திருப்பித் தருவது? இதற்கும் லேவியராகமத்திலேயே விடை உண்டு. பிறர் பொருளை வஞ்சித்தவன் முதலுடன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று விதித்த பிறகே, அந்நூல் அவன் செலுத்த வேண்டிய பலியைப் பற்றிப் பேசுகிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் அவனிடம் செல் என்ற கருத்தில் இயேசுவும் போதித்திருக்கிறார்.

காந்தியடிகளின் சத்திய சோதனையில் இரு நிகழ்ச்சிகள் உள்ளன. 1893-இல் பிரிட்டோரியாவுக்குச் சென்றபின் அங்குப் பழகிய கிறித்தவ அன்பர் ஒருவர், நம் பாவங்களையெல்லாம் இயேசு சுமந்துவிட்டார், நம்பினால் போதும் என்றார். பாவத்தின் விளைவிலிருந்து அன்று, பாவத்திலிருந்தே விடுதலை வேண்டும் என்பது அடிகளின் மறுமொழி. பின்னர், பீனிக்ஸ் ஆசிரமத்தில் இருவர் ஒழுக்கம் தவறியதாகச் செய்தி கேட்டபோது அவரே ஏழு நாட்கள் உண்ணாநோன்பு ஏற்றார். நான்கரை மாதம் ஒருவேளை மட்டும் உண்டார். முன்னர் மறுத்ததை இப்போது அவரே செய்தாரா? அவ்வாறு நான் கருதவில்லை. மாணவரின் வீழ்ச்சியில் ஆசிரியருக்கும் ஓரளவு பங்குண்டு என்று உணர்ந்து, தம் பங்கிற்கே அவர் நோற்றார். தவறியவர்களின் பங்கு அவர்களிடமே இருந்தது.

இப்பகுதியைப் படித்தபோதுதான் என் பங்கு எனக்கு விளங்கிற்று. தோழிக்காக அடி ஏற்றவளையும் பணம் எடுத்தவளையும் பற்றியே இத்தனை ஆண்டுகள் ஆராய்ந்தேனேயன்றி, பிரம்பு பிடித்த கையைப் பற்றி ஆராயவில்லை. என் அதட்டலுக்கு அஞ்சியதால் அல்லவா எடுத்தவள் எழவில்லை? உண்மை தெரிந்த மறுநாளே வகுப்பார் முன்னிலையில் அடிபட்ட குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன் என்பது மெய்தான். "பரவாயில்லை டீச்சர்" என்றாள், என் முகத்தைப் பாராமலே. எடுத்தவள் கால் ரூபாயும் அரை ரூபாயுமாகப் பல வாரங்களில் கடனைத் தீர்த்தாள். அதை அவள் தந்தையிடம் நான் சொல்லவில்லை. பிரம்பை மட்டும் அதன்பின் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தேன்.