சுண்டெலிக்கு ஏது மனஉறுதி?

'மனசு வெச்சா விட்டுடலாம் சார். விட மனசில்ல, அவ்ளோதான்!' போதையில் விழுந்த பிள்ளையைப் பற்றி அம்பத்தூரிலும் இதே பேச்சு, ஆவடியிலும் இதே பேச்சு. முன்பெல்லாம் சாராயம், கஞ்சா. சமீப வருடங்களில் வலி மாத்திரையும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் டேபென்டடால் விற்றவர்கள் கைது என்று சென்னையிலும் புறநகரிலும் அடிக்கடி செய்தி வருகிறது. கடும் வலிக்கு எழுதித் தரும் மருந்து அது. மூளையில் மார்ஃபின் போய் உட்காருகிற அதே இடத்தில்தான் இதுவும் உட்காருகிறது.

நிஜமாகவே மனசு வைக்கிற சமாசாரமா இது? ஒரு சுண்டெலியைக் கேட்போம்.

சுண்டெலிக்குச் சில நாட்கள் மார்ஃபின் ஏற்றிவிட்டு, நலாக்ஸோன் என்ற முறிவு மருந்தைக் கொடுத்தால் துள்ளித் துள்ளிக் குதிக்கும். பாதம் நடுங்கும். வயிறு போகும். காரணம், மூளை செல்களில் இருக்கும் 'மியூ' ரிசப்டர். அது பூட்டு என்றால் மார்ஃபின் சாவி. நலாக்ஸோன் அந்தச் சாவியைப் பிடுங்கி எறிகிறது. பிரான்சில் பிரிஜிட் கீஃபர் குழுவினர் அந்தப் பூட்டே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கி, 1996-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சுண்டெலிகளுக்கு மார்ஃபினால் வலி குறையவில்லை. நலாக்ஸோன் கொடுத்தபோது துள்ளலும் இல்லை. வலியைத் தீர்ப்பதும் ஆளைப் பிடித்துக்கொள்வதும் ஒரே பூட்டு!

பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டே இருந்தால், வண்டி நிற்கக்கூடாதே என்று டிரைவர் ஆக்ஸிலேட்டரை அழுத்துவார் இல்லையா? தினமும் போதை ஏறும் செல்லும் அதைத்தான் செய்கிறது. திடீரென்று பிரேக்கை விட்டால் வண்டி பாய்கிறது. வியர்வை, வாந்தி, எலும்பு வலி, தூக்கமில்லா ராத்திரி.

சுண்டெலிக்குக் கெட்ட சகவாசம் கிடையாது. ஆக, இந்தத் துடிப்பு குணக்கேடு இல்லை.

'அப்ப பையன் மேல தப்பே இல்லையா?' என்பீர்கள். நியாயமான கேள்வி. சுண்டெலி மார்ஃபின் கேட்கவில்லை, ஊசி போட்டது விஞ்ஞானி. பையன் காசு கொடுத்து வாங்கினான். முதல் மாத்திரைக்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால், நூறாவது மாத்திரைக்கும் அதே கணக்கா? அசலுக்குக் கையெழுத்துப் போட்டது அவன். வட்டியை ஏற்றுவது செல்.

இது தெரியாமல் சிலர் பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். பத்து நாளில் நடுக்கம் அடங்கலாம், ஆசை அடங்காது. அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். வெளியே வந்து பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுவிடலாம். மனஉறுதிக்குப் பரீட்சை வைத்து, ஃபெயிலானால் உயிரை வாங்குவது என்ன நியாயம்?

பூட்டைப் பாதி மட்டும் திறக்கிற புப்ரெனார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. டாக்டர் மேற்பார்வையில் தருகிறார்கள். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று முகம் சுளிக்கிறோம். சட்டம்கூட நம்மைவிட இரக்கமானது. 1985-ம் வருட போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கோ ஆளான அடிமை தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம்.

சுண்டெலியால் முடியாத ஒன்று பையனால் முடியும். 'என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்ல முடியும். மனஉறுதியை அங்கே எதிர்பாருங்கள், தப்பில்லை. அவன் அதைச் சொல்கிற அன்றைக்குத் திட்டாமல் கூடப் போவது நம் பங்கு.