க்ளிக் காசு

உங்கள் வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவன் வாங்கவே போகாத அமெரிக்க இன்ஷூரன்ஸ் விளம்பரத்தை நாற்பது தடவை க்ளிக் பண்ணுகிறான். தடவைக்கு இத்தனை பைசா என்று எவனோ தருகிறான். இது வேலையா, திருட்டா?

அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். 2004 மே மாதம் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் ஒரு செய்தி வந்தது. பெருநகரங்களில் குடும்பத் தலைவிகளும் பட்டதாரிகளும் இப்படி க்ளிக் பண்ணியே மாதம் 100 முதல் 200 டாலர் வரை சம்பாதிக்கிறார்கள் என்று. பாளையங்கோட்டையில் அதைப் படித்த என் நண்பர் கேட்ட முதல் கேள்வி: "அட்ரஸ் கெடைக்குமா?"

விஷயம் இதுதான். விளம்பரம் கொடுப்பவர் ஒவ்வொரு க்ளிக்குக்கும் கூகுளுக்குக் காசு தருகிறார். அப்போதெல்லாம் க்ளிக் கணக்கிலேயே அதில் ஒரு பங்கு, விளம்பரத்தைத் தாங்கும் இணையதளக்காரருக்குப் போனது. அவர் ஆள் வைத்து க்ளிக் பண்ண வைத்தால் லாபமாக இருந்தது. போட்டிக் கடைக்காரனும் சும்மா இருப்பதில்லை; உங்கள் விளம்பரக் காசைக் கரைக்கவே க்ளிக் பண்ணுவான். 2006-ல் அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் இப்படி ஒரு வழக்கில் கூகுள் 9 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. வழக்குப் போட்டதில் முதல் பெயர் ஒரு பரிசுப்பொருள் கடை. நம்ம டவுன் ரதவீதி ஃபேன்ஸி ஸ்டோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பையனின் நாற்பது க்ளிக் அந்த மாதிரிக் கல்லாவிலிருந்துதான் வருகிறது. அதனால் என் ஓட்டு, திருட்டு.

சரி, சரக்கு விற்றால் மட்டும் காசு என்று வைத்தால்? 2006-லேயே கூகுள் அதையும் சோதித்துப் பார்த்தது. பி.காம். படித்தவன் புத்தி எனக்கு உடனே ஒன்றைக் கேட்கச் சொல்கிறது: விற்றதா இல்லையா என்ற நோட்டு யார் கையில்? விளம்பரம் கொடுத்தவர் கையில். 'விக்கல', 'ரிட்டர்ன் வந்துடுச்சு' என்று அவர் சொன்னால் சொன்னதுதான்.

முக்கூடல் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றி எடுத்துப் போனால் கடையில் ஒரு கை அள்ளி 'கழிவு' என்று ஒதுக்குவார்கள். அதற்குக் கூலி கிடையாது. இலை குறைந்தால் சொந்தக் காசில் வாங்கிப் போடணும். கழித்த பீடியும் விலைக்குப் போகிறது என்பது அந்தப் பெண்களின் நெடுநாள் புகார். க்ளிக் பண்ணுகிற பையனுக்கு மோசடிக்காரன் என்று பேர் இருக்கிறது. இந்தக் கழிவுக்கு அப்படி யாரும் பேர் வைக்கவில்லை, 'வழக்கம்' என்கிறார்கள்.

"கழிச்சதத் திருப்பிக் குடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே யக்கா?" என்றேன் ஒரு அம்மாவிடம்.

"கேட்டா மறுநா எல கெடையாது தம்பி" என்றபடி அடுத்த இலையை எடுத்தார்.