ஓய்வுக் காலத்து அறம்



பணியிலிருந்து ஓய்வு பெறும் நாளில் மாலை அணிவிக்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், நல்வார்த்தை நாலு சொல்லி வீடு வரை கொண்டுவந்து விடுகிறார்கள். மறுநாள் காலை மணி ஒன்பது அடித்தவுடன் கால்கள் தாமே வாயிலை நோக்கி நடக்கின்றன. போக வேண்டிய இடம் இல்லை என்பது அப்போதுதான் விளங்குகிறது. நாம் ஓய்வு பெற்ற காலத்தில் தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58. 2021 முதல் அது 60. வயது எதுவாயினும் அந்த முதற்காலைப் பொழுது எல்லார்க்கும் ஒன்றே.

செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் உழுது வாழ்ந்த நம் முன்னோர்க்கு ஓய்வு ஆணை என்று ஒன்று இருந்ததில்லை. உடல் தளரத் தளர ஏரை மகனிடம் கொடுத்தனர். பின்னர்க் களத்து மேற்பார்வையைக் கொடுத்தனர். இறுதியில் பெட்டிச் சாவியையும் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தனர். சிறிது சிறிதாக விடக் கற்றனர். மாதச் சம்பளம் வாங்கிய நமக்கோ எல்லாம் ஒரே மாலையில் கைவிட்டுப் போகிறது. ஆதலின் இழந்த அதிகாரத்தை வேறெங்கேனும் பிடித்துக்கொள்ளத் துடிக்கிறோம்.

நம் கதையையே சொல்வோம். இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி பெற்று, 36 ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் பணிபுரிந்தபின் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். சில வாரங்களில் அவ்வீடு வகுப்பறை ஆயிற்று. மருமகள் காய் நறுக்கும் முறையில் ஒரு குறை. பால் காய்ச்சும் நேரத்தில் ஒரு குறை. நான்காம் வகுப்புப் பயின்ற பேரனின் நோட்டை நாள்தோறும் வாங்கிச் சிவப்பு மையால் திருத்தினோம். அன்பினால்தான் செய்கிறோம் என்று நம்பியிருந்தோம்.

ஒருநாள் நோட்டைக் கேட்டபோது, “வாத்தியார் வாங்கி வைத்துக்கொண்டார்” என்றான். அன்று மாலை படுக்கையை உதறுகையில் தலையணை உறைக்குள் அந்த நோட்டு இருந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவனே அருகில் வந்து நின்று, “பாட்டி, சிவப்பு மை இல்லாமல் பார்க்க மாட்டீர்களா?” என்றான்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. தான் செய்தலும், பிறரைச் செய்யத் தூண்டுதலும், செய்ததற்கு உடன்படுதலும் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் சமயம் கற்பிக்கும் பாடம். பொய்யாமையைப் பல நூறு பிள்ளைகளுக்குப் போதித்த நாம், நம் வீட்டுப் பிள்ளையின் பொய்க்குக் காரணமாகி நின்றோம்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் சாவகர்க்குப் பதினொரு நிலைகளை வகுக்கிறது. அதன் வழியில் எழுந்த நம் அருங்கலச்செப்பும் அவற்றைக் கூறுகிறது. எட்டாம் நிலை, தொழில் முயற்சிகளை விடும் ஆரம்பத் தியாகம். ஒன்பதாம் நிலை, பொருட்பற்றை விடும் பரிக்கிரகத் தியாகம். பத்தாம் நிலை அனுமதித் தியாகம். இல்லறத்தார் செய்யும் தொழில், பொருள் முதலிய உலகியல் காரியங்களில் ‘இவ்வாறு செய்க’ என இசைவும் கருத்தும் கூறாதிருத்தல்.

இந்த வரிசையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழிலை விட்ட பின்னும், பொருளை விட்ட பின்னும், சொல்லை விடுதல் எஞ்சி நிற்கிறது. தொழிலை அரசாங்கம் ஒரு தாளால் விடுவித்துவிடுகிறது. பொருளை முதுமையும் மரணமும் விடுவிக்கின்றன. சொல்லதிகாரத்தை மட்டும் நாமே விட்டாலன்றி எவராலும் விடுவிக்க இயலாது.

நாம் பத்தாம் நிலையில் நிற்பவர் அல்லோம். முன்னிலைகளில் ஊன்றாமல் அந்நிலையை எய்துதல் கூடாது. எனினும் அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். சிட்சா விரதம் என்றாலே பயிற்சி விரதம் என்பதுதானே பொருள்? கற்பிப்பதற்கு இரண்டாண்டு பயின்ற நாம், கற்பிப்பதை விடுவதற்குப் பயிலவே இல்லை.

அவ்விரதங்களுள் தேசாவகாசிகம் ஒன்று. குறித்த காலத்துக்கு, செல்லும் இடத்துக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்வது அது. காலை உணவு முடியும் வரை அடுப்பங்கரை வாயிலைத் தாண்டுவதில்லை என்று நாம் எல்லை வகுத்துக்கொண்டோம். முதல் வாரம் அந்த எல்லை பெருங்கடலாகத் தோன்றியது. சாமாயிகம் மற்றொன்று. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம், அதாவது இரண்டு நாழிகை. ஏறத்தாழ ஒரு பாடவேளை. பாடவேளைகளாகவே வாழ்நாளைக் கழித்த நமக்கு அது பழகிய அளவுதான். இப்போது அந்த வகுப்பில் மாணாக்கர் நாமே. வையாவிருத்தியம், அதாவது தொண்டு, பிறிதொன்று. அறவோர்க்கும் நோயுற்றோர்க்கும் பணிசெய்யும் கைக்குக் குறைகாண நேரம் இராது.

ஆதிபகவனின் வரலாற்றை ஸ்ரீபுராணத்தில் படித்திருக்கிறோம். பிராமிக்கு எழுத்தும் சுந்தரிக்கு எண்ணும் கற்பித்த முதலாசிரியர் அவர். நீலாஞ்சனையின் ஆட்டமும் மறைவும் கண்டு நிலையாமை உணர்ந்து, அரசை மக்களிடம் ஒப்படைத்து நீங்கினார். நீங்கியபின் பரதன் ஆட்சியை எட்டிப் பார்த்துத் திருத்தவில்லை. நெடுங்காலம் மௌனம் காத்தார். கேவலஞானம் எய்திய பின்னரே சமவசரணத்தில் அறமுரைத்தார். ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியரான அப்பெருமானுக்கே இரண்டு கற்பித்தல்களுக்கு இடையில் ஒரு மௌனம் இருந்தது என்றால், நமக்கு எவ்வளவு வேண்டும்!

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் கூற விரும்புகிறோம். சொல்லை விடுதல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் அன்று. ‘என்னை யார் கேட்கிறார்கள்’ என்று ஊமையாய் அமர்தல் மானக் கஷாயம்; அது மௌனமாகாது. கேட்டால் ஒருமுறை சொல்லுவோம். கொள்வதும் தள்ளுவதும் அவர் பொறுப்பு. அவ்வாறே, பொருள் வரைதல் என்பது கையிலுள்ள அனைத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறர் கையை எதிர்பார்ப்பது அன்று. உணவுக்கும் மருந்துக்கும் தானத்துக்கும் வேண்டுவது இவ்வளவு என அளவு வகுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஆசையை நிறுத்துதலே அவ்விரதம்.

சிவப்புப் பேனாவை மறுநாளே எடுத்து வைத்துவிட்டோம். நாலைந்து மாதம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதங்கள் கடினமானவை. பின்பு ஒரு மாலையில் பேரன் தானே நோட்டை விரித்து, “இந்தக் கணக்கு வரவில்லை பாட்டி” என்று அருகில் அமர்ந்தான். தவறிய இடத்தை அவனே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருந்தோம். 36 ஆண்டுகளில் நாம் நடத்திய பாடங்களுள் அதுவே நல்ல பாடம் என்று இன்றும் கருதுகிறோம்.

இப்போதும் நாம் தவறுவதுண்டு. எழுபது கடந்த நாவும் பழைய பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. தவறிய நாளின் மாலையில் பிரதிக்கிரமணம் செய்து, மறுநாள் எல்லையை மீண்டும் வகுத்துக்கொள்கிறோம். ஓய்வு பெற்ற, பெறவிருக்கும் அன்பர்கள் இன்று ஒரு பாடவேளையேனும் இதனைப் பயின்று பார்க்க வேண்டுகிறோம். அலுவலகத்தை விட்ட நாளில் பெற்றது விடுமுறையே. சொல்லதிகாரத்தை விடும் நாளில்தான் உயிர் ஓய்வு பெறத் தொடங்குகிறது.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!